சவுக்கு மரத்தை காஸ்டிக்ல வேக வைக்கிறது எப்படி (வைக்கோல் ரெசிப்பி மரத்துக்கு ஒத்து வராது)

வருஷா வருஷம் ப்ராஜெக்ட் சீசன் வந்தா நாலு பேராவது ஒரே கேள்வியோட வர்றாங்க. "அண்ணா, ஆராய்ச்சி பேப்பர்ல இருந்த மாதிரியே 2 சதவீத காஸ்டிக், 121 டிகிரி, ஒரு மணி நேரம் வச்சேன், லிக்னின் போகவே இல்ல, எங்க தப்பு?" (காஸ்டிக்னா சோடியம் ஹைட்ராக்சைடு, லிக்னின்னா மரத்துல நாரை ஒட்ட வச்சிருக்கிற பசை.) நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், அந்த பேப்பர்ல என்ன போட்டு வேக வச்சாங்க? பாத்தா வைக்கோல், இல்லன்னா கரும்பு சக்கை. இவங்க போட்டது சவுக்கு. பச்சரிசிக்கு வைக்கிற விசிலை கொண்டக்கடலைக்கு வச்சா வேகுமா? அதான் விஷயம், அத மொதல்ல புரிஞ்சுக்கிட்டு அப்புறமா செய்முறைக்கு போவோம்.

மரம்னு எடுத்தா உள்ள மூணு சரக்கு இருக்கு. செல்லுலோஸ் சுமாரா 40ல இருந்து 50 சதவீதம், ஹெமிசெல்லுலோஸ் 20-30, லிக்னின் 20-30, மிச்சம் சாம்பல், பிசின், டானின் மாதிரி சில்லறை. கட்டடத்து காங்க்ரீட் மாதிரி நினைச்சுக்கலாம், செல்லுலோஸ் கம்பி, லிக்னின் சிமெண்ட், ஹெமிசெல்லுலோஸ் ரெண்டையும் கட்டி வைக்கிற கட்டுக்கம்பி. வைக்கோல், சக்கை எல்லாம் புல் வகை, அதுல லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் கோக்குறதுல ஃபெருலிக் ஆசிட் எஸ்டர் பிணைப்பு நிறைய உண்டு. எஸ்டர்னா காஸ்டிக் பட்டாலே அறுந்துரும், பெரிய சூடு கூட வேணாம். மரத்துல அந்த எஸ்டர் பாலம் ரொம்ப கம்மி, லிக்னின் பெரும்பாலும் ஈதர் பிணைப்புல தன்னைத்தானே கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், அத அறுக்க 160, 170 டிகிரி தேவைப்படுது, அதனாலதான் பேப்பர் மில்லுல டைஜெஸ்டர்னு ஒரு ராட்சச குக்கர். சவுக்கு, தைல மரம் மாதிரி வன்மரம்னா ஆட்டோகிளேவ்ல (லேப்ல இருக்கிற பிரஷர் குக்கர்) ஓரளவுக்காவது அசையும். பைன் மாதிரி ஊசியிலை மரம் எடுத்தீங்கன்னா 121 டிகிரில கிட்டத்தட்ட ஒண்ணுமே நடக்காது, அத வச்சு ப்ராஜெக்ட் ஆரம்பிக்காதீங்க.

சரி, என்ன வேணும்னு முடிவு பண்ணுங்க. சர்க்கரை எடுத்து எத்தனால் பண்ணணுமா, நார் வேணுமா, இல்ல லிக்னினையே தனியா எடுக்கணுமா? நார், லிக்னினுக்கு காஸ்டிக். ஹெமிசெல்லுலோஸ்ல இருக்கிற சைலோஸ்ங்கிற சர்க்கரை வேணும்னா டைல்யூட் ஆசிட். "எல்லா மெத்தடையும் கம்பேர் பண்றேன்"னு அஞ்சு முறை எடுத்து எதையும் உருப்படியா முடிக்காம விட்டவங்கள நிறைய பாத்துட்டேன். ஒண்ண எடுத்து ஒழுங்கா பண்ணுங்க, அது காஸ்டிக்கா இருந்தா நல்லது, விலை கம்மி, கிடைக்கும், தப்பு பண்ணாலும் கத்துக்கலாம்.

மரத்தூள்ல இருந்து ஆரம்பிப்போம், பாதி ரிசல்ட் இங்கயே கெட்டுப் போகுது. மரக்கடைல மூட்டையா கிடைக்கிற அறுவைத்தூள் வேணாம், அதுல தேக்கு, வேம்பு, மலேசியா மரம் எல்லாம் கலந்து கிடக்கும், எது எவ்ளோன்னு அந்த கடைக்காரருக்கே தெரியாது. ஒரே கழி எடுங்க. கட்டட சாரத்துக்கு கட்டுன பழைய சவுக்கு கழி சும்மாவே கிடைக்கும், ஆனா சிமெண்ட் ஒட்டியிருக்கும், அது சாம்பல் சதவீதத்தை ஏத்தி விடும், ஆசிட் முறைன்னா அந்த சுண்ணாம்பே உங்க ஆசிட்ட தின்னுரும். அதனால புதுக்கழி. பட்டைய சுத்தமா உரிங்க, சவுக்கு பட்டைல டானின் ஜாஸ்தி, அந்த காலத்துல தோல் பதனிடவே போட்டிருக்காங்க, அது காஸ்டிக்கையும் குடிக்கும், கடைசில லிக்னின் அளக்குறப்ப லிக்னின் மாதிரி நடிக்கும்.

பொடி பண்ண லேப்ல வைலி மில் இருந்தா கவலை இல்ல. இல்லன்னா ஆசாரி கிட்ட இழைப்புளி போட்டு சீவலா எடுத்து, நல்லா காய வச்சு, அதுக்குன்னே ஒதுக்குன பழைய மிக்ஸி ஜார்ல விட்டு விட்டு ஓட்டுங்க (மாவு மில்லுக்கு தூக்கிட்டு போனா துரத்திடுவாங்க, நான் போய் பாத்துட்டேன்). 20 மெஷ் சல்லடைல விழணும், 80 மெஷ்ல நிக்கணும், அந்த நடு பங்கு மட்டும் போதும். ரொம்ப நைஸா போன தூள்ல சாம்பல் ஜாஸ்தி, ஃபில்டரையும் அடைக்கும்.

அடுத்தது ஈரம். இத பாக்காம எடை போட்டா எல்லா கணக்கும் பொய். ரெண்டு கிராம் எடுத்து 105 டிகிரி ஓவன்ல எடை மாறாத வரைக்கும் வச்சு ஈரம் எவ்ளோன்னு பாத்துட்டு அந்த ரெண்டு கிராமை தூக்கி போட்டுருங்க, வேலைக்கு எடுக்குற தூளை 105ல காய வைக்கக் கூடாது, 45 டிகிரிக்கு மேல போகாதீங்க. ஈரம் 12 சதவீதம்னு வந்தா, 10 கிராம் உலர் தூள் வேணும்னா 10ஐ 0.88ஆல வகுத்து 11.36 கிராம் போடணும், அந்த 1.36 கிராம் தண்ணியையும் திரவக் கணக்குல சேத்துக்கணும். லிக்னின் அளக்குறதா இருந்தா அதுக்கு முன்னாடி சாக்ஸ்லெட்ல (திரவத்தை திரும்ப திரும்ப ஓட்டி கரைச்சு எடுக்குற கண்ணாடி சாதனம்) தண்ணி, அப்புறம் எத்தனால்னு ஓட்டி பிசின் சமாச்சாரத்தை கழிச்சுருங்க. பழைய புக்ல எத்தனால் பென்சீன் கலவைன்னு இருக்கும், பென்சீன் கேன்சர் வர வைக்கிற சாமான், அத தொட வேணாம்.

இப்ப காஸ்டிக். 2 சதவீதம்னா 100 மில்லிக்கு 2 கிராம். ஆனா "2 சதவீதம்"னு மட்டும் சொன்னா அதுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு கிராம் மரத்துக்கு 10 மில்லி ஊத்தினா கிராமுக்கு 0.2 கிராம் காஸ்டிக் போகுது, 20 மில்லி ஊத்தினா 0.4 போகுது, ரெண்டுக்கும் பேரு 2 சதவீதம்தான்! மில்லுல இருக்கவங்க யாரும் கரைசல் சதவீதத்துல பேச மாட்டாங்க, மரத்து எடை மேல எவ்ளோ சார்ஜ்னுதான் கேப்பாங்க. நீங்களும் ரெண்டையும் நோட்ல எழுதுங்க. நான் சொல்றது 10 கிராம் உலர் தூள், மொத்த திரவம் 100 மில்லி, காஸ்டிக் 2 கிராம். சவுக்குக்கு இது அசையலன்னா 4 கிராம் வரைக்கும் ஏத்தி பாருங்க, சும்மா நேரத்தை மட்டும் கூட்டிட்டே போறதுல பெருசா லாபம் இல்ல.

தண்ணிய மொதல்ல எடுத்து அதுல காஸ்டிக் துண்டை கொஞ்சம் கொஞ்சமா போட்டு கலக்கணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு முகத்துல அடிக்கும். கண்ணாடி, கையுறை ரெண்டும் கட்டாயம். கைல பட்டு வழவழன்னு இருந்தா அது சோப்பு இல்ல, உங்க தோல்ல இருக்கிற கொழுப்பு சோப்பா மாறிட்டு இருக்கு, உடனே குழாயடில ஒரு கால் மணி நேரம் கழுவணும், வினிகர் தடவுறேன் எலுமிச்சை தேய்க்கிறேன்னு வைத்தியம் பண்ணாதீங்க. கண்ணுல பட்டா கழுவிட்டே ஆஸ்பத்திரி.

பாத்திரம் போரோசிலிகேட் பாட்டில், முக்கா பங்குக்கு மேல நிரப்ப வேணாம். இங்கதான் நான் மொதல் தடவை சொதப்பினேன். வாய்க்கு அலுமினியம் ஃபாயில் சுத்தி ஆட்டோகிளேவ்ல வச்சேன், திறந்து பாத்தா ஃபாயில் ஓட்டை ஓட்டையா அரிச்சு பாதி உள்ள விழுந்து கரைஞ்சிருக்கு. காஸ்டிக் அலுமினியத்த தின்னுட்டு ஹைட்ரஜன் வாயுவ விடும். அதே காரணத்துக்காக வீட்டு குக்கர்ல வைக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு பதில், கூடவே கூடாது, நம்ம வீட்ல பாதி குக்கர் அலுமினியம்தான், எவர்சில்வரா இருந்தாலும் வால்வுல நார் அடைச்சு காஸ்டிக் குழம்பு சமையல் கட்டு பூரா தெறிக்கும். ஸ்க்ரூ மூடிய லூசா வச்சு 121 டிகிரி, 60 நிமிஷம். பிரஷர் தானா பூஜ்யம் வந்தப்புறம், சூடு நல்லா இறங்குனதுக்கப்புறம் எடுங்க, அவசரப்பட்டு திறந்தா பொங்கி வழியும், வழிஞ்சது எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது, அந்த ரன் குப்பைக்கு.

நேரம், சூடு பத்தி ஒரு சின்ன கணக்கு. பேப்பர் கூழ் ஆளுங்களும் பயோமாஸ் ஆளுங்களும் சிவியாரிட்டி ஃபேக்டர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நேரத்தை, சூட்டுல இருந்து 100 கழிச்சு 14.75ஆல வகுத்ததோட எக்ஸ்பொனென்ஷியலால பெருக்கணும். போட்டு பாருங்க, 121 டிகிரில ஒரு மணி நேரம் வைக்கிறதும் 160 டிகிரில நாலேகால் நிமிஷம் வைக்கிறதும் ஒண்ணு. 170ல மணிக்கணக்கா வேக வைக்கிற மில்லோட நம்ம ஆட்டோகிளேவை ஒப்பிட்டுட்டு "அவங்களுக்கு மட்டும் எப்படி பஞ்சு மாதிரி வருது"ன்னு வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல.

மில்லுல இன்னொரு சங்கதியும் இருக்கு, வெறும் காஸ்டிக் இல்ல, கூட சோடியம் சல்ஃபைடும் போடுவாங்க. கிராஃப்ட் முறைன்னு பேரு, 1879ல கார்ல் தால்ங்கிறவர் டான்சிக் ஊர்ல கண்டுபிடிச்சது. சல்ஃபைடு இருந்தா லிக்னின் ஈதர் பிணைப்பு சீக்கிரம் அறுபடும், நாரும் பலமா நிக்கும். நம்ம கரூர் பக்கம் புகளூர் டிஎன்பிஎல் பேப்பர் மில்லுல கரும்பு சக்கையும் போகுது, சவுக்கு, தைல மரமும் போகுது. ஆனா இத லேப்ல முயற்சி பண்ணாதீங்க, சல்ஃபைடு மேல கொஞ்சம் ஆசிட் பட்டாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், அளவு கூடுனா நாத்தமே தெரியாம மூக்கு மரத்துப் போய் ஆள் விழுந்துருவான். சல்ஃபைடு இல்லாம வேகத்தை கொஞ்சம் கூட்டணும்னா ஆந்த்ராகுயினோன் மரத்து எடைல 0.1 சதவீதம் போடலாம், அது செல்லுலோஸ் நுனில இருந்து ஒண்ணொண்ணா உதிர்றத தடுக்கும், லிக்னின் வெளிய வர்றதுக்கும் உதவும். அதுவும் மில் சூட்டுலதான் நல்லா வேலை செய்யும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

வெந்து வந்தா திரவம் டிக்காஷன் கலர்ல இருக்கும். இதான் கருப்பு சாராயம்னு பசங்க கிண்டலா சொல்ற பிளாக் லிக்கர். கொட்டிடாதீங்க! காடா துணில வடிகட்டி, மொதல் வடிச்சத தனி பாட்டில்ல, அளவு எழுதி, தேதி எழுதி வைங்க. உங்க மரத்துல இருந்து காணாம போனது எல்லாம் அதுலதான் இருக்கு.

அப்புறம் கழுவறது. வேக வைக்க ஒரு மணி நேரம்னா கழுவ அரை நாள், யாரும் இத எழுத மாட்டாங்க. துணிய கையால முறுக்கி பிழியாதீங்க, உள்ள காஸ்டிக் இருக்கு. மொதல் ரெண்டு தடவை வெந்நீர், ஏன்னா ஆறிப்போனா கரைஞ்ச லிக்னின் கொஞ்சம் நார் மேலயே திரும்ப படிஞ்சுரும், அடுத்து சாதா டிஸ்டில்ட் வாட்டர், வடியுற தண்ணி பிஎச் 7 வர்ற வரைக்கும். எனக்கு 10 கிராமுக்கு ரெண்டு லிட்டர் பக்கம் ஆகும். தண்ணி வெள்ளையா ஆயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க, கலர் போனாலும் காஸ்டிக் நாருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கொஞ்ச நேரம் ஊற வச்சு பாத்தா பிஎச் மறுபடி ஏறும்.

கழுவுனத காய வைக்காதீங்க. இது ரெண்டாவது சொதப்பல், நான் அழகா 105 டிகிரில காய வச்சு டப்பால போட்டு வச்சேன், செல்லுலோஸை சர்க்கரையா உடைக்கிற என்சைம் போட்டா சர்க்கரையே வரல. ஈரத்துல உப்பி இருந்த நார் காயும்போது சின்ன சின்ன துளையெல்லாம் மூடிக்கும், மறுபடி தண்ணி ஊத்தினாலும் திறக்காது, பேப்பர் ஆளுங்க இத ஹார்னிஃபிகேஷன்னு சொல்லுவாங்க. ஈரமாவே ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஈரம் எவ்ளோன்னு பாக்க மட்டும் ஒரு கிராம் எடுத்து காய வச்சா போதும்.

லிக்னின் அளக்க கிளாசன் முறை. 0.3 கிராம் தூளுக்கு 72 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் 3 மில்லி, 30 டிகிரில ஒரு மணி நேரம், அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கண்ணாடி குச்சியால கலக்கணும், குச்சிய வெளிய எடுக்கக் கூடாது. நம்ம ஊர் மே மாசத்துல 30 டிகிரிக்கு சூடு பண்ற வேலை இல்ல, ஐஸ் போட்டு இறக்குற வேலைதான். அப்புறம் 84 மில்லி தண்ணி ஊத்தினா ஆசிட் 4 சதவீதத்துக்கு இறங்கும், ஆட்டோகிளேவ்ல 121ல ஒரு மணி நேரம், ஆற விட்டு வடிகட்டி, 105ல காய வச்சு எடை, 575 டிகிரில எரிச்சு சாம்பலை கழிக்கணும். வன்மரத்துல லிக்னின் கொஞ்சம் ஆசிட்லயே கரைஞ்சு போயிடும், அத யுவி ஸ்பெக்ட்ரோல (புற ஊதா ஒளிய எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளக்குற கருவி) பாத்து சேக்கலன்னா கம்மியா காட்டும்.

இப்ப எல்லாரும் சறுக்குற கணக்கு. சும்மா ஒரு உதாரணத்துக்கு, உங்க 10 கிராம்ல லிக்னின் 26 சதவீதம், அதாவது 2.6 கிராம். வெந்தப்புறம் மிஞ்சுனது 7 கிராம், அதுல லிக்னின் 19 சதவீதம். "26ல இருந்து 19க்கு இறங்கிச்சு, 7 சதவீதம் போச்சு"ன்னு எழுதுறாங்க, தப்பு. 7 கிராம்ல 19 சதவீதம்னா 1.33 கிராம், 2.6ல 1.27 போயிருக்கு, அது 49 சதவீதம். எதிர்ப்பக்கமும் நடக்கும், டைல்யூட் ஆசிட் போட்டவங்க லிக்னின் சதவீதம் 26ல இருந்து 34 ஆயிடுச்சுன்னு பயந்து ஓடி வருவாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, ஆசிட் ஹெமிசெல்லுலோஸை கரைச்சுட்டு லிக்னினை அப்படியே விட்டுருச்சு, மொத்தம் குறைஞ்சதால பங்கு ஏறி தெரியுது. மிச்சம் எவ்ளோ கிராம்னு எழுதாத பேப்பர்ல வர்ற சதவீதத்த நான் நம்பறதே இல்ல.

ஆசிட் முறை பண்றவங்களுக்கு சுருக்கமா. 1 சதவீத சல்ஃப்யூரிக், அதே 121, அதே ஒரு மணி நேரம், தண்ணில ஆசிட்ட ஊத்தணும், மாத்தி ஊத்தக் கூடாது. இங்க நமக்கு வேணுங்கிற சரக்கு திரவத்துலதான், சைலோஸ் அதுல இருக்கு. வாசனை பாதாம் மாதிரி அடிச்சா சைலோஸ் உடைஞ்சு ஃபர்ஃபுரால் ஆக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அது ஈஸ்ட்டுக்கு விஷம், சூடோ நேரமோ குறைக்கணும் (வாசனை தானா வந்தா சரி, குனிஞ்சு மோந்து பாக்காதீங்க). கால்சியம் கார்பனேட் போட்டு ஆசிட்ட சரி பண்ணுவாங்க, நுரைச்சு பொங்கும், அடியில ஜிப்சம் படியும்.

காஸ்டிக் முடிஞ்சும் நார் பழுப்பாவே இருக்கு, இன்னும் கொஞ்சம் லிக்னின் எடுக்கணும்னா ஹைட்ரஜன் பெராக்சைடு 2 சதவீதம், பிஎச் 11.5, 50 டிகிரி, சில மணி நேரம். பிஎச் அங்க இருந்தாதான் வேலை செய்யுற அயனி போதுமான அளவு இருக்கும், நடுவுல இறங்கும், பாத்து பாத்து காஸ்டிக் சொட்டு விடணும். இரும்பு, மாங்கனீசு இருந்தா பெராக்சைடு வீணா ஆக்சிஜனா போயிடும், உலோகத்தை பிடிச்சுக்கிற ஈடிடிஏ கொஞ்சம் போட்டு முன்னாடியே கழுவிட்டா நல்லது. மூடி போட்டு மூடவே மூடாதீங்க, பாட்டில் வெடிக்கும். அசிட்டிக் ஆசிட்டும் பெராக்சைடும் கலந்து வேக வச்சா மரம் பால் மாதிரி வெளுக்கும்னு வீடியோல காட்டுவாங்க, அது பெராசிட்டிக் ஆசிட், எரியும், வெடிக்கும், ஃப்யூம் ஹூடும் (புகைய உறிஞ்சி வெளிய தள்ளுற கூண்டு) கூட நிக்க தெரிஞ்ச ஆளும் இல்லாம பக்கம் போகாதீங்க.

சர்க்கரை வருதான்னு பாக்க செல்லுலேஸ் என்சைம். 0.05 மோலார் சிட்ரேட் பஃபர், பிஎச் 4.8, 50 டிகிரி ஷேக்கர், 72 மணி நேரம். இந்த என்சைம் குடுக்குற டிரைக்கோடெர்மா ரீசெய் பூஞ்சை, ரெண்டாம் உலகப் போர்ல சாலமன் தீவுகள்ல அமெரிக்க ராணுவத்து பருத்தி கூடாரத்தை தின்னுட்டு இருந்தப்ப மாட்டுனது, துணிய தின்ன திருடனை பிடிச்சு வேலைக்கு வச்ச கதை. கூடவே ரெண்டு குடுவை கட்டாயம் வைங்க, ஒண்ணுல வேக வைக்காத பச்சை மரத்தூள், இன்னொண்ணுல மரமே இல்லாம வெறும் என்சைம், ஏன்னா கடைல வாங்குற என்சைம்லயே சர்க்கரை இருக்கும். டிஎன்எஸ் முறைல (சர்க்கரை பட்டா நிறம் மாறுற கரைசல்) 540 நானோமீட்டர்ல பாத்தா குளுக்கோஸ், சைலோஸ் ரெண்டையும் சேத்து காட்டும், குளுக்கோஸ் மட்டும் வேணும்னா ரத்த பரிசோதனை லேப்ல சுகர் பாக்குற ஜிஓடி பிஓடி கிட் வாங்கிக்கோங்க, சர்க்கரைய வகைவகையா பிரிச்சு அளக்குற எச்பிஎல்சி மெஷினுக்கு மாசக்கணக்கா க்யூல நிக்க வேணாம். வந்த குளுக்கோஸை 0.9ஆல பெருக்கினா எவ்ளோ செல்லுலோஸ் உடைஞ்சதுன்னு கிடைக்கும், உடையும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தண்ணி சேருது, அதான் அந்த 0.9.

கடைசியா அந்த கருப்பு பாட்டில். அதுல நேரா ஆசிட் ஊத்தினா ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் ஒண்ணா களி மாதிரி இறங்கும். அதனால மொதல்ல பிஎச்ச 5.5 பக்கம் இறக்கி, மூணு பங்கு எத்தனால் ஊத்தி ராத்திரி விட்டா ஹெமிசெல்லுலோஸ் வெள்ளை பழுப்பா கீழ உக்காரும், அத பிரிச்சுட்டு, எத்தனாலை ரோட்டரி ஆவியாக்கில ஓட்டி எடுத்துட்டு, மிச்சத்துல சொட்டு சொட்டா சல்ஃப்யூரிக் விட்டு பிஎச் 2க்கு கொண்டு போனா லிக்னின் வரும். வேகமா ஊத்தினா நுரை தள்ளும், துகள் ரொம்ப பொடியா வந்து ஃபில்டர் பேப்பர்ல சொட்டு கூட இறங்காது. 60 டிகிரில கொஞ்ச நேரம் வச்சா திரிஞ்சு கட்டியாகும், அப்பவும் அடம் பிடிச்சா ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு மறுநாள் உருக விட்டு வடிகட்டுங்க, மாவு மாதிரி சுலபமா வந்துரும். பிஎச் 2 தண்ணியால கழுவி, 40 டிகிரில காய வச்சு எடை போட்டு, நார்ல மிஞ்சுன 1.33 கிராமோட கூட்டி பாருங்க. 2.6 கிட்ட வந்தா கணக்கு ஓகே. ரொம்ப தள்ளி 1.8ல நிக்குதுன்னா கழுவுன தண்ணிய சிங்க்ல விட்டிருப்பீங்க, அடுத்த ரன்ல மொத ரெண்டு கழுவலையும் சேத்து வைங்க. 3 தாண்டி போச்சுன்னா லிக்னினோட உப்பும் ஹெமிசெல்லுலோஸும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, இன்னொரு தடவை கழுவிட்டு மறுபடி எடை போடுங்க. மிச்ச கழிவை நியூட்ரல் பண்ணி லேப் கழிவு கேன்ல விடுங்க, கலர் போகலன்னா சாக்கடைல ஊத்துற சமாச்சாரம் இல்ல அது.